பதினாறாம் நாளுக்குப் பிறகு பாடியது

உன் இசைத்தட்டு விழாவுக்கு நீ அனுப்பிய அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. கெட்டித் தாள், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, நடுவில் எங்கள் பழைய படம். வேனை விட்டு இறங்கி வரிசையாக நிற்கிற பெண்களில், முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு இடது ஓரத்தில் நிற்பவள் நான். பக்கத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு உன் பெரியம்மா. நல்ல காரியத்தின் அழைப்பு எது வந்தாலும் மஞ்சள் தடவிப் பெருமாள் படத்தின் முன் வைத்த பிறகுதான் நான் பிரிப்பேன். உன் அழைப்பிதழை அரிசி டின் மேல் போட்டிருக்கிறேன். என் கோபத்தின் அளவு இதிலேயே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் பேசினால் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய். இதை உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு இந்த வேலையின் அருமை தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே. ஊர் உன்னைக் கேலி செய்தபோதெல்லாம் உன் பக்கம் நின்றவள் நான். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப அச்சடித்து விற்கப் போகிறேன் என்று நீ சொன்ன வருஷம், அரியலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உன் மாமன் இலையில் கை வைத்தபடியே கேட்டான்: "என்னக்கா, ஒம்மவன் பழைய பிளேட்டெல்லாம் வாங்குறானாமே? காசு குடுக்குறானா, பேரீச்சம்பழம் குடுக்குறானா?" பந்தியே சிரித்தது. "ஒனக்குப் பேரீச்சம்பழமே குடுக்கச் சொல்றேன்டா, வாயாவது இனிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளியோடு அவன் இலையைத் தாண்டிப் போய்விட்டேன். நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவள். கடலை மடித்து வந்த தாளைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் எழுத்துப் பழகினேன். பழையது என்று ஒருவர் தூக்கிப் போட்டதில் இன்னொருவருக்கு என்ன கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் தட்டையே திரும்பக் கொண்டுவரப் போகிறாய் என்று சொன்னபோது நான் அழுதேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு ஊரின் பெண்கள் பாடிய நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு. திருச்சிக்கு வேனில் அழைத்துப் போய்ப் பதிவு செய்தார் ஒரு பெரியவர். தட்டு வெளியே வந்தபோது அட்டையில் அவர் பெயர் இருந்தது. எங்களுக்கு "கிராமத்துப் பெண்கள்" என்று ஒரே ஒரு வரி. நீ அப்படி விடவில்லை. ஒவ்வொரு பெயரையும் விசாரித்தாய். இறந்துபோனவர்களின் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டு, சரியான பெயரை, தகப்பன் பெயரோடு எழுதி வாங்கினாய். வெயிலில் பஸ் ஏறி அலைந்தாய். அதையெல்லாம் எவ்வளவு முறையாகச் செய்தாய் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். முறை தெரியாதவன் செய்திருந்தால் இந்தக் கோபத்தில் பாதிகூட எனக்கு வந்திருக்காது. உனக்கு முறை தெரியும். தெரிந்துகொண்டே ஓர் இடத்தில் மட்டும் தாண்டிப் போனாய்.

கடைக்குப் போகும் முன் நாங்கள் கேட்க வேண்டும் என்று மாதிரித் தட்டும் ஒரு பிளேயரும் அனுப்பினாய். வெள்ளிக்கிழமை மாலை. விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் அப்பா உரக்கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்திருந்தார். நீ போனில் சொன்னபடி ஊசியை அவர்தான் வைத்தார், சுளுக்கெடுக்கிற ஆள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு. நடவுப் பாட்டு வந்தது. எங்கள் குரல்கள். "இந்தக் கீச்சுக் குரல் யாரு, நீயா?" என்றார். "கீச்சுக் குரல்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டீங்க" என்றேன். "அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப ஒன்னப் பேச வுட்டாங்களா?" என்று சிரித்தார். அவ்வளவு சிரித்து அவரை நான் பார்த்து வெகுநாளாகிறது. தட்டைத் திருப்பிப் போட்டார். கும்மி வந்தது, தாலாட்டு வந்தது. முடிந்தது என்று நான் எழுந்தேன். அப்போது உன் பெரியம்மாவின் குரல் மட்டும் தனியாக எழுந்தது. முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒப்பாரி.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் ஊசி இருக்கிற அந்தக் கம்பியைப் பிடித்தேன். எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. கீச்சென்று ஒரு சத்தம் போட்டு ஊசி கொஞ்சம் தள்ளி விழுந்து மறுபடி பாடியது. "கைய எடு" என்றார் உன் அப்பா. "வேணாங்க, நல்ல நாளும் அதுவுமா..." "கைய எடுன்னேன். கேக்கட்டும்." அவர் கடைசி வரை கேட்டார். அந்தப் பாட்டில் அவர் பெயர் வருகிறது. லாரி வருகிறது. ஆலை வாசல் வருகிறது. அதில் உள்ள வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன். தினம் ராத்திரி பால் முதல் பூ வரை கணக்கு எழுதிவிட்டுப் படுக்கிறவள் நான். எதை எழுதக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ பிறப்பதற்கு முன் நடந்தது என்பதால் உனக்கு இது கதை. எங்களுக்கு அப்படி இல்லை. பெரியம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள், உனக்கு அக்கா. சமைந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பருத்தி எடுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்தது. நாங்கள் எல்லோரும் அப்போது ஒரே வீடு, ஒரே உலை. உன் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் லாரி வருவதைப் பார்த்துப் பெரியம்மா ஓடிப்போய் மறித்தாள். லாரி நிறையக் கல். உன் அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். லோடோடு போனால் வண்டி மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து போகும். சிமெண்டு ஆலை பக்கத்தில்தான், கல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்து ஏற்றிக்கொண்டால் பறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். "அண்ணி, தோ எறக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லு லாரி ஓட்டுகிற எவனும் அன்றைக்கு அதைத்தான் யோசித்திருப்பான். ஆலை வாசலில் லாரி வரிசை நின்றது. முன்னால் போகவும் முடியாமல், பின்னால் எடுக்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டார். லாரியை அங்கேயே விட்டுவிட்டு அவர் ஓடி வந்தபோது, பெரியப்பா பிள்ளையை பஸ்ஸில் ஏற்றியிருந்தார். அரியலூர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கும் முன்பே உன் அக்கா போய்விட்டாள்.

நம் பக்கத்தில் ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. அது பாட்டு இல்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுகிற இடத்தில், யாரையும் எதுவும் சொல்லலாம். புருஷனை வையலாம், மாமியாரை வையலாம், சாமியை வையலாம். எவளுக்கு வேறு எங்கேயும் வாய் திறக்க முடியாதோ அவள் அங்கே திறப்பாள். வைதவர்களும் வாங்கிக்கொள்வார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினால் வைததும் முடிந்தது. அதற்கு மேல் "நீ அன்னைக்கு என்னை இப்படிச் சொன்னியே" என்று ஒருவர் கேட்டால், ஊர் அந்த ஆளைத்தான் காறித் துப்பும். உன் பெரியம்மா அந்த நாட்களில் உன் அப்பாவை வைத வசவு தெருக்கோடி வரை கேட்டது. அவர் பந்தலுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பதினாறாம் நாள் அவர் இலையில் முதல் சோறு வைத்தது பெரியம்மா. "சாப்புடுங்க தம்பி" என்றாள். அவர் சாப்பிட்டார். அன்றோடு அந்தக் கணக்கு தீர்ந்தது என்று எல்லோரையும் போல அவரும் நம்பினார். அதை நம்பித்தான் மனுஷன் இத்தனை வருஷம் அவள் முகத்தைப் பார்த்தார்.

திருச்சியில் நாங்கள் பாடப் போனது அதற்கு அப்புறம், வெகு மாதங்கள் கழித்து. வீட்டில் அடைந்து கிடக்காதே, வா என்று மற்ற பெண்கள் பெரியம்மாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் இல்லாமல் எங்களுக்கு நடவுப் பாட்டு எடுக்க ஆளில்லை. எல்லாப் பாட்டும் முடிந்தது. டேப் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஓர் ஒப்பாரி பாடிக் காட்டுங்கள் என்றார் அந்தப் பெரியவர். சாவு இல்லாத இடத்தில் அதைப் பாடக் கூடாது என்று எல்லோரும் மறுத்தோம். "சும்மா மாதிரிக்கு, நாலு வரிம்மா" என்றார். பெரியம்மா கீழே உட்கார்ந்தாள். யாரோ ஒரு ராஜா செத்ததாக ஒரு பழைய அடியைத்தான் எடுத்தாள். இரண்டாவது அடியிலேயே ராஜா போய்விட்டார், மகள் வந்துவிட்டாள். நாங்கள் என்ன செய்வது? அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தத் தட்டில் அவள் குரலுக்குப் பின்னால் கேட்கிறதே ஒரு விம்மல், நீ போனில் "அந்த பேக்ரவுண்டு எஃபெக்ட்" என்றாயே, அது உன் அம்மா.

முடித்ததும் அவளே எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஐயா, இது வேணாங்க. அழிச்சுடுங்க. தெரியாம வந்துட்டுது." அவர் சரி என்று தலையாட்டினார். தட்டில் அதைப் போடவில்லை, அந்த மட்டும் வாக்கைக் காப்பாற்றினார். டேப்பை மட்டும் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார், அது உன் கையில் சிக்கியது. திரும்பி வரும்போது பாடாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். எங்களில் மூத்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு இவ பாடுனத எவளாச்சும் ஊர்ல வாயத் தொறந்தீங்கன்னா, அவ வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், பாத்துக்கங்க." யாரும் திறக்கவில்லை. நான் என் புருஷனிடம் சொல்லவில்லை. பலர் அதைச் சொல்லாமலே செத்துப்போனார்கள். அவர்கள் வாயை இறுக்கி மூடிவைத்ததை நீ தட்டாக அச்சடித்து, "இதுவரை வெளிவராதது" என்று நட்சத்திரக் குறி போட்டு விற்கப் போகிறாய்.

பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. உன் அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இது எப்ப பாடுனது?" சொன்னேன். "பதினாறுக்கு அப்புறமா?" "ஆமாங்க." அந்த இரண்டாவது கேள்வியில் அவருடைய பதினாறாம் நாள் சோறு போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. நான் விளக்கை மலையேற்றிவிட்டு, வீடு முழுக்கக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து மறுபடி ஏற்றினேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் செய்வதை என் சொந்த வீட்டில் செய்தேன், நீ அனுப்பிய பெட்டியினால்.

மறுநாள் காலையில் உனக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"கேட்டியாம்மா கடைசிப் பாட்ட? சர்ப்ரைஸ் எப்படி?"

"அத எடுத்துடு."

"அய்யோ, அதுதாம்மா இந்த ஆல்பத்துக்கே உயிரு! அதக் கேட்டவன் எல்லாம் அழுவுறான்."

"அழுவறதுக்கு அவங்க வூட்டுல ஆள் சாவலயா? அதுல ஒங்கப்பா பேரு வருதுடா."

"தெரியும்மா. அதான் தட்டோட குடுக்கற புக்லெட்ல அப்பா பேர எடுத்துட்டோம். 'கொழுந்தன்'னு மட்டும்தான் போட்டிருக்கோம்."

தெரியும் என்றாயே, அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரியாமல் செய்தாய் என்றால் உன்னை அணைத்துக்கொண்டு புத்தி சொல்லியிருப்பேன். நீ தெரிந்து, உட்கார்ந்து யோசித்து, பெயரை எடுத்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறாய். புத்தகத்தில் பெயரை எடுத்துவிட்டாய். அவள் குரலில் இருந்து எப்படி எடுப்பாய்? அப்புறம் சொன்னாய், "பெரியம்மாகிட்ட நேர்ல போய்ப் பர்மிஷன் வாங்கிட்டேம்மா, அவங்களே போடச் சொன்னாங்க" என்று. நான் அன்று சாயங்காலமே அவளிடம் போய்ப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், பையன் வந்து என்ன போட்டுக் காட்டினான் என்று. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நடவுப் பாட்டு போட்டுக் காட்டுனான். நம்ம சத்தம் என்னமா இருக்குங்கற! நாலு ஊருக்குக் கேக்கும். போடு ராசா, நல்லா போடுன்னேன்." வேறு எதுவும் போட்டுக் காட்டவில்லையா என்றேன். "வேற என்ன இருக்கு?" என்றாள்.

நீ கேட்டது உண்மை. அவள் சரி என்றது உண்மை. ஆனால் எதைக் கேட்டால் அவள் மறுப்பாளோ, அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைக் கேட்டாய். இதற்குப் பேர் சம்மதம் வாங்குவது இல்லை. உனக்கு இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நீ கொண்டுபோன கல் நத்தை ஞாபகம் இருக்கிறதா? நம் பக்கத்துக் காட்டில் கிடைக்கிற, ஒரு காலத்தில் கடலில் இருந்து கல்லாகிப்போன நத்தை. உன் அக்கா விளையாடியது அது. அவள் போன பிறகு பெரியம்மா அதை அடுப்பு மேடையில் வைத்திருந்தாள். "பெரியம்மா, கண்காட்சிக்கு ஒரு கல்லு எடுத்துக்கவா?" என்று கேட்டாய். வாசலில் கிடக்கிற கல் என்று நினைத்து அவள் எடுத்துக்கோ என்றாள். முதல் பரிசு வாங்கினாய். நத்தை திரும்பி வரவில்லை. "போவட்டும் வுடு, புள்ள ஆசையா எடுத்துட்டான்" என்று அவள் சொன்னதால் நானும் அன்று உன் காதைத் திருகாமல் விட்டேன். கேட்கிற போதே ஒரு பாதியை மறைத்துக்கொண்டு கேட்பது திருட்டில் ஒரு வகை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். உனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, இருந்தாலும் கேட்டுக்கொள்.

உனக்குத் தெரியாததை அடுத்துச் சொல்கிறேன். பெரியப்பா போன பிறகு பெரியம்மாவைப் பெரம்பலூருக்கு அழைத்து வந்து அடுத்த தெருவில் குடிவைத்ததிலிருந்து, உன் அப்பா தினம் காலையில் பால் பாக்கெட்டோடு அங்கே போவார். அவள் காப்பி போட்டுத் தருவாள். பேப்பரில் இருக்கிற சாவுச் செய்தி, வெங்காய விலை எல்லாவற்றையும் அவர் படித்துக் காட்டுவார், அவள் எல்லோரையும் திட்டுவாள், வந்துவிடுவார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் போகவில்லை. பாலை என்னிடம் கொடுத்து அனுப்பினார். "ஏங்க, போயிட்டு வாங்களேன்" என்றால், "போயி என்னன்னு மூஞ்சியக் காட்டுறது?" என்பார். தட்டிலிருந்து அந்தப் பாட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். "எதுக்கு எடுக்கணும்? போடட்டும். அண்ணி சொன்னது பொய்யா?" என்றார். அப்பாவே போடச் சொல்லிவிட்டார் என்று நீ துள்ளாதே. அடி வாங்கினவர் வலியில் சொன்னது அது. தவிர, அந்தப் பாட்டு அவருடையதும் இல்லை, கொடுக்கவும் மறுக்கவும்.

பெரியம்மா என்னிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். கொழுந்தனுக்கு உடம்புக்கு என்ன, கடையில் என்ன, என்னோடு சண்டையா என்று. நான் மழுப்பினேன். போன சனிக்கிழமை, நான் கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளிடம் முறையிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிறேன், அவளே வாசலில் வந்து நிற்கிறாள். முட்டி வலியோடு ஒரு தெருவைத் தாண்டி நடந்து வந்திருக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் உன் அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன கொழுந்தனாரே, எங்க தெருவுக்கு வழி மறந்து போச்சா?"

அவர் பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"பாட்டு கேட்டேன் அண்ணி."

"என்ன பாட்டு?"

"திருச்சில கடைசியா பாடுனீங்களாமே."

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். துணி போர்த்தி வைத்திருந்த உன் பிளேயரைப் பார்த்தாள். "அழிக்கச் சொன்னேனே அந்த ஆள. நாசமாப் போவ" என்றாள் முதலில். அப்புறம் உன் அப்பாவிடம் திரும்பினாள். அவள் குரல் உனக்குத் தெரியும், மெதுவாகப் பேசவே தெரியாது.

"அதுக்காவா வரல?"

"பதினாறுக்கு அப்புறமும் ஒங்களுக்கு மனசு ஆறலங்கறது எனக்குத் தெரியாமப் போச்சு அண்ணி. நான் பாட்டுக்குத் தெனம் வந்து காப்பி குடிச்சிட்டு இருந்திருக்கேன்."

"ஆறல. ஆறுமா? பெத்தவளுக்கு ஆறுமா? அதுக்கும் ஒங்களுக்கும் என்னா? நான் அன்னைக்கு ஒங்கள மட்டுமா வஞ்சேன்? பெருமாளத்தான் மொத மொத வஞ்சேன், ஒங்களுக்கு முன்னாடி. நல்லாக் கேட்டுப் பாருங்க. அவரு என்ன கோயில மூடிட்டுப் போயிட்டாரா? வருசா வருசம் தேரு ஏறி வந்துக்கிட்டுத்தான இருக்காரு? அவருக்கு இல்லாத ரோசம் ஒங்களுக்கு என்னா?"

உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பேப்பர் ஆடியது. அவள் அதைப் பிடுங்கிக் கீழே போட்டாள். "நாளைக்கிப் பால எடுத்துக்கிட்டு வாங்க. இவ வந்தா பாதி வழியில எவகிட்டயாச்சும் நின்னு பேசி, பாலு வெயில்ல சூடாயிப் போயிடுது" என்றாள். மறுநாள் அவர் போனார். போனார் என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். முன்பெல்லாம் காப்பியைக் குடித்ததும் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வருவாராம்; இப்போது தானே கழுவி வைத்துவிட்டு வருகிறாராம். "விருந்தாளி மாதிரி நடந்துக்கிறாருடி" என்று பெரியம்மா என்னிடம் சொன்னாள். அதை எந்தத் தட்டு போட்டு நீ சரி செய்வாய்?

அந்தச் சனிக்கிழமையே, அவர் கடைக்குப் போன பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அச்சடிக்கப் போவதை, புத்தகத்தில் அவள் பாட்டை இங்கிலீஷில் எழுதியிருப்பதை, மேடையில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைக்கப் போவதை. பெரியம்மா உன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள், உனக்கே தெரியும். சரி, புள்ள ஆசைப்படுறான் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் ஒன்று கேட்டாள்: "அவ கும்மியடிச்சது அதுல இருக்கா?" யார் என்றேன், தெரிந்துகொண்டே. "எம்மவ. ஊரு முச்சூடும் நின்னு பாக்கும். நம்மள்ள எவளுக்கும் அவ கைதட்டு வராது. அது எந்த டேப்புலயாவது இருக்கா?" இல்லை என்றேன். அவள் ஆடியதற்கும் பாடியதற்கும் டேப்போடு யாரும் வரவில்லை. "பொறவு என்னாத்துக்கு? அவ செத்தது மட்டும் ஊர் ஊராப் போவணுமா? கேக்கறவனுக்கு எம்மவளுன்னா செத்தவதானா? எடுத்துடச் சொல்லு. அவன நான் கோவிச்சுக்கல. எடுத்துடச் சொல்லு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கோபித்துக்கொள்கிறேன். இதோ என் வார்த்தை. தட்டு அச்சடிக்கிற இடத்துக்குப் போன் செய்து நிறுத்து. தட்டில் ஒரு பக்கம் குறைகிறது, தட்டுக்குக் காத்திருக்கிற வெளிநாட்டுக்காரனுக்கு என்ன பதில் சொல்வது, புத்தகம் அச்சாகிவிட்டது என்றெல்லாம் எனக்குச் சொல்லாதே. குறைந்தால் குறையட்டும். எங்கள் தட்டு அந்தப் பாட்டு இல்லாமல்தான் முதலில் வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. அந்த ஸ்பூல் டேப்பை, அதிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியதை, உன் கூட்டாளிகள் வைத்திருப்பதை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீயே பெரம்பலூருக்கு வா. கூரியரில் அனுப்பாதே. பெரியம்மா முன்னால் வை. அவள் அழித்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாலும் சரி, அது அவள் பாடு. இதைச் செய்தால் உன் விழாவுக்கு முதல் வரிசையில் வந்து உட்காருவேன், நீ பாடச் சொன்னால் என் கீச்சுக் குரலில் நடவுப் பாட்டும் பாடுவேன். செய்யாவிட்டால் என் பெயரையும் அட்டையிலிருந்து எடுத்துவிடு. பழையபடி "கிராமத்துப் பெண்கள்" என்றே போட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன்னைப் போல டேப் தேடி ஊர் ஊராகப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்களாமே, அவர்களும் படிக்கட்டும். அனுப்பும் முன் உன் அப்பாவையும் பெரியம்மாவையும் உட்காரவைத்து ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அப்பா கேட்டுவிட்டு, "பேரு போடாம இருந்தா சரி" என்றார். பெரியம்மா இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள். ஓர் இடம் நான் உருகி உருகி எழுதியது. அடித்துவிட்டேன். எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் அடித்துவிட்டேன். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்ய உனக்கு வெளிநாட்டு மெஷின் எதுவும் வேண்டியதில்லை.

நீ வந்தால் பெரியம்மா உன்னை வையத்தான் செய்வாள். கோபமில்லை என்று அவள் சொன்னதை நம்பாதே. தெருவே கேட்கிற மாதிரி வைவாள், தலையைக் குனிந்து வாங்கிக்கொள். அவள் வாயால் வைவது அன்றோடு போய்விடும், சாயங்காலமே உனக்குத் தோசை ஊற்றுவாள். நான் அப்படி இல்லை. நான் எழுதிவிட்டேன், அச்சிலும் வரப்போகிறது. இதை நீ கிழிக்க முடியாது. ஒரு ஆளின் கோபம் ஆறாமல், அழியாமல், எப்போது எடுத்தாலும் அதே சூட்டோடு வீட்டுக்குள்ளே கிடந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும்.

அம்மா